எந்த இரவு?

ஒரு மேடைக் கலைஞனின் ஐம்பது வருஷ வாழ்வு படச்சுருளிலும் நாடாவிலும் தட்டிலுமாகப் பதிவாகிக் கிடக்கிறது. அதில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் எதைப் பார்ப்பது? நண்பர்களிடையே அடிபட்ட இந்தக் கேள்வி, மேலோட்டமாக, ரசனை சம்பந்தப்பட்டது. ஜவுளிக் கடையில் புடவை எடுப்பது மாதிரி. எனக்கு அப்படிப் படவில்லை. ஒரு மனிதனின் எந்த வயதை 'அவன்' என்று நாம் ஒப்புக்கொள்ளப் போகிறோம், எந்த வயதை ஒதுக்கிவிடப் போகிறோம் என்பதல்லவா இதில் அடங்கியிருக்கிறது? ஒதுக்கப்படுகிறவனுக்கு இதில் அபிப்பிராயம் சொல்ல இடமில்லை. எனவே இதை நியாயம் சம்பந்தப்பட்ட கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன்.

பேச்சில் அடிபட்டவர் ஆலிஸ் கூப்பர் என்ற அமெரிக்க ராக் பாடகர். 1948-இல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். இயற்பெயர் வின்சென்ட் ஃபர்னியர். ஆலிஸ் கூப்பர் என்பது முதலில் குழுவின் பெயர், பிறகு அவர் பெயர். கண்ணைச் சுற்றிக் கரிய மை, கழுத்தில் உயிருள்ள பாம்பு, மேடைமீது தூக்குமரம், மின்சார நாற்காலி, 1973-இலிருந்து கில்லட்டின். இரவுக்கு இரவு தலை துண்டிக்கப்படும். இரவுக்கு இரவு மனிதர் எழுந்து வந்து மிச்சப் பாட்டுகளைப் பாடிவிட்டுப் போவார். எழுபதைத் தாண்டியும் இதை விடவில்லை. பதிவுகளோ ஏராளம். 1974-இல் வெளிவந்த படம் ஒன்று. 1975-இல் லண்டன் வெம்ப்ளியில் எடுக்கப்பட்டு அடுத்த வருஷம் வெளியானது ஒன்று. குடியால் சீரழிந்து மேடையை விட்டு விலகி, குடியை உதறிவிட்டுத் திரும்பிய பின், 1986-இல் சொந்த ஊரான டெட்ராய்ட்டில் நிகழ்த்தியது ஒன்று. 2000-இல் மீண்டும் லண்டன். 2013-இல், 65 வயதில், ஜெர்மனியின் வாக்கென் கிராமத்துத் திறந்த வெளியில் ஒன்று. இன்னும் இருக்கின்றன.

குளத்தூரில் உட்கார்ந்துகொண்டு, மிளகாய் வத்தலும் பருத்தியும் விளைகிற கரிசலில், இந்த மனிதரைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். நம்முடைய இசை விமர்சனத்தில் இவருக்கு இடமில்லைதான். சபாக் கச்சேரியின் அளவுகோலால் இவரை அளக்க முயல்வதும் வீண். ஆனால் வேஷம் கட்டி, பாட்டுப் பாடி, கொலையும் தண்டனையும் நடித்து, கூட்டத்தைக் கலங்கவும் சிரிக்கவும் வைத்து விடிய வைக்கிற ஒரு மரபு இந்த மண்ணுக்குப் புதிதில்லை. அதன் தலைமை ஆசிரியர் இந்த மாவட்டத்துக்காரர். தூத்துக்குடிக்குப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள்.

சுவாமிகள் ஆசிரியராவதற்கு முன் நடிகர். எமன், சனீஸ்வரன் போன்ற பயங்கர வேஷங்களில் பேர் பெற்றவர். நாடக உலகம் இன்றுவரை சொல்லிவரும் செய்திகள் இரண்டு. சாவித்திரி நாடகத்தில் அவருடைய எமனைப் பார்த்து, கூட்டத்திலிருந்த கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்தது. வேறொரு நாள், விடியற்காலையில் சனீஸ்வரன் வேஷத்தைக் கழுவ நீர்நிலைக்குப் போனவரைக் கண்டு துணி வெளுக்க வந்த பெண் அதிர்ச்சியில் உயிரை விட்டாள். அதன்பின் அவர் வேஷம் கட்டுவதை நிறுத்திவிட்டார். எழுதவும் சொல்லிக்கொடுக்கவும் செய்தார். இச்செய்திகள் நடந்தபடியே நடந்தனவா என்பது என் விசாரணைக்கு வெளியே. நடந்ததாக நம்பி, அதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிற ஒரு சமூகம் கலையைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதே எனக்கு முக்கியம். பயமுறுத்துவது நடிகனின் வெற்றி. அந்தப் பயம் கொட்டகையைத் தாண்டி ஒரு உயிர்மேல் விழுந்துவிட்டால் அது அவன் பாவம். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது, அதைக் காப்பது நடிகனுடைய பொறுப்பு என்று அச்சமூகம் நினைக்கிறது.

சங்கரதாஸின் எமன் பதிவாகியிருந்தால் நாம் எந்த இரவைத் தேடியிருப்போம்? சந்தேகமே வேண்டாம், கரு கலைந்த இரவைத்தான். 'அதுதான் உண்மையான எமன், மற்றதெல்லாம் நகல்' என்றிருப்போம். ராக் ரசிகர்களில் பெரும்பாலோர் 1970-களின் ஆரம்பப் பதிவுகளை நாடுவதும் இதே உந்துதலால்தான். அப்போது கூப்பர் அபாயமானவர்; பெற்றோர் பயந்தார்கள். பின்னாளில் அதே பெற்றோர் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து கை தட்டினார்கள். ஆகவே முந்தியது நிஜம், பிந்தியது வியாபாரம். இந்த வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அது ஒன்றை மறைக்கிறது. 1973-74 சுற்றுப்பயணத்தில் கில்லட்டின் தண்டனையை நிறைவேற்றிய கொலைஞர் வேறு யாருமல்ல, ஜேம்ஸ் ராண்டி என்ற ஜாலவித்தைக்காரர். போலிச் சித்தர்களின் தந்திரங்களை அம்பலப்படுத்துவதையே பிற்பாடு வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். ஆக, 'அபாயமான' அந்தக் காலத்திலேயே கத்தி எங்கே நிற்கும் என்பதைக் கணக்காகத் தெரிந்துவைத்த ஒருவர் பக்கத்தில் இருந்தார். தான் ஏற்கும் பாத்திரம் செய்த அக்கிரமங்களுக்கு மேடையிலேயே தண்டனை பெற்றாக வேண்டும் என்பது கூப்பர் வெகுகாலமாகச் சொல்லிவரும் நியாயம். கோடு அப்போதே போடப்பட்டிருந்தது. பார்த்தவர்களின் பதற்றம்தான் அதைக் கவனிக்கவிடவில்லை. அந்தப் பதற்றத்தை இன்று பதிவில் தேடுகிறவன் கலைஞனைத் தேடவில்லை. பார்வையாளனாகத் தான் இழந்துவிட்டதைத் தேடுகிறான்.

பதிவு என்பது எவ்வளவு தற்செயலானது என்பதற்கு நம் நாடக மேடையிலேயே மூன்று பேர் சாட்சி.

செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1906-இல் பிறந்து 1933-இல் இறந்துபோனார். இசைத்தட்டுகளில் அவர் குரல் இருக்கிறது. 27 வயதுக்கு மேல் ஒரு நாள்கூட மூப்படையாத குரல். கிட்டப்பாவின் நடுவயது எப்படி இருந்திருக்கும், உச்ச ஸ்தாயி கைவிட்டுப் போனபின் அந்த மனிதர் எதைக் கொண்டு மேடையைக் காத்திருப்பார் என்று யோசிக்கக்கூட நமக்கு மனம் வருவதில்லை. இளமையிலேயே உறைந்துவிட்டது அவருடைய பூரணத்துவம் என்று எடுத்துக்கொண்டுவிட்டோம்.

அவர் மனைவி கே.பி. சுந்தராம்பாளுக்கு நேர்ந்தது நேர் எதிர். கொடுமுடியில் 1908-இல் பிறந்தவர். கிட்டப்பா இறந்தபோது வயது 25. கணவரோடு மேடையேறிய காலத்தின் குரலும் தட்டுகளில் உண்டுதான். ஆனால் தமிழர் கண்ணில் நிற்பது 1953-இன் 'ஔவையார்', 1964-இன் 'பூம்புகார்', 1965-இன் 'திருவிளையாடல்'. நரைத்த தலை, திருநீறு, கோல். ஔவையாராக வந்தபோது அவருக்கு வயது சுமார் 45. தன்னைவிட மூத்த ஒருத்தியை நடித்தார், நாம் அவரையே கிழவியாக்கிவிட்டோம். ஔவையாவது, கதைப்படி, மூப்பைத் தானே வேண்டிப் பெற்றவள். சுந்தராம்பாளுக்கு அதை மற்றவர்கள் கொடுத்தார்கள்.

மூன்றாமவர் விசுவநாத தாஸ். சிவகாசியில் 1886-இல் பிறந்தவர். முருகன் வேஷத்தில் நின்றபடி தேச விடுதலைப் பாட்டுகளைப் பாடி, மேடையிலேயே கைதாகிப் பலமுறை சிறை சென்றவர். மருத்துவர் சாதியில் பிறந்தவர் என்பதற்காக உடன் நடிக்க மறுத்தவர்களும் உண்டு. 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில், வள்ளி திருமண நாடகத்தில் மயில்மேல் முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோது உயிர் பிரிந்தது. அந்த இரவைப் பிடித்துவைக்க அங்கே எந்தக் கருவியும் இல்லை. கூப்பர் ஐம்பது வருஷமாக ஆயிரக்கணக்கான தடவை மேடையில் செத்து, அதில் பல சாவுகள் பல கோணங்களில் பதிவாகியிருக்கின்றன. தாஸ் ஒரே தடவை செத்தார். பதிவு இல்லை. இருந்திருந்தால் பார்க்கலாமா என்பது வேறு கேள்வி. பார்த்திருப்போம், அதையே திரும்பத் திரும்பப் பார்த்திருப்போம், அதற்குமுன் முப்பது வருஷம் அவர் பாடிய இரவுகளை அந்த ஒரு இரவு விழுங்கியிருக்கும். பதிவின்மை தாஸுக்கு ஒரு வகையில் காவலாக நின்றது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஒருவருக்கு இளமை மட்டும், ஒருவருக்கு முதுமை மட்டும், ஒருவருக்கு ஒன்றுமே இல்லை. இந்த மூவர் விஷயத்திலும் நமக்குத் தேர்வு கிடையாது. காலமும் கம்பெனிக்காரனும் தேர்ந்து கொடுத்ததை வாங்கிக்கொண்டோம். கூப்பர் விஷயத்தில்தான் எல்லா வயதும் நம் கையில் இருக்கிறது. எனவே அங்கே நாம் செய்கிற தேர்வு நம்மைக் காட்டிக்கொடுக்கும்.

'சிறந்த' நிகழ்ச்சியைத் தேர்ந்தால் போயிற்று என்பது அடுத்த யோசனை. ஒலி துல்லியம், குரல் பிசிறில்லை, வாத்தியக்காரர்கள் கச்சிதம். இது போட்டி நடுவரின் நியாயம். மேடைக் கலையின் ஜீவன் திரும்பச் செய்தலில் இருக்கிறது என்பதை இது கணக்கிலேயே எடுப்பதில்லை. கீர்க்ககார்ட் 1843-இல் வெளியிட்ட 'திரும்பச் செய்தல்' என்ற விசித்திரமான நூலில், கதைசொல்லி தான் ஒருமுறை சந்தோஷமாக இருந்த பெர்லினுக்கு மீண்டும் போகிறான். அதே விடுதி, அதே நாடகக் கொட்டகை. எதுவும் அன்றுபோல் இல்லை. திரும்ப நிகழ்தல் சாத்தியமில்லை என்று சலித்துத் திரும்புகிறான். பார்வையாளன் ஆசனத்தில் உட்கார்ந்துகொண்டு அவன் இதைத் தேடினான். எதிரே மேடையில் நின்ற கோமாளியைக் கேட்டிருக்கலாம். அவனுக்கு அது அன்றாடப் பிழைப்பு.

நம் ஸ்பெஷல் நாடகம் இதை நன்றாக அறிந்த வடிவம். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், ஹார்மோனியக்காரர் இன்னோர் ஊர். தனித்தனியாக அமர்த்தப்பட்டு, ஒத்திகை என்பதே இல்லாமல், அன்றிரவு மேடையில் சந்திக்கிறார்கள். கதை எல்லோருக்கும் தெரியும். வள்ளி தினைப்புனம் காப்பாள், நாரதர் வந்து தர்க்கம் செய்வார், முருகன் வேலனாக, வேடனாக, விருத்தனாக வருவான், கல்யாணம் முடியும். இதில் யாருக்கும் எதிர்பார்ப்பின் பதற்றம் கிடையாது. இந்த வள்ளி இந்த நாரதருக்கு இன்று எப்படிப் பதில் சொல்லப் போகிறாள் என்பதற்காக ஊர் பாயை எடுத்துக்கொண்டு வருகிறது. நூறு தடவை சொன்ன பதிலை நூற்றியோராவது தடவை சொல்லும்போது அதில் சேர்ந்திருக்கும் கனம்தான் கலை. அந்தக் கனம் இளம் நடிகையிடம் இருக்க முடியாது. அவளிடம் வேறு நல்லவை இருக்கலாம்.

இங்கே தீதரோவை இழுத்துக்கொண்டு ஒரு ஆட்சேபம் வரும். நடிகன் உணர்ச்சியால் நடித்தால் ஒருநாள் தீ, மறுநாள் பனிக்கட்டி. உணராமல், கவனித்து, கணக்குப் பண்ணி நடிப்பவனே ஒவ்வொரு நாளும் ஒரே தரத்தில் நிற்பான் என்பது அவர் கட்சி. அப்படியானால் கிழட்டு நடிகனிடம் நாம் பார்ப்பது கணக்கு மட்டும்தானே, இயந்திரம் சுற்றுவதுதானே? இல்லை. இயந்திரத்துக்கு வயதாவது அதன் பழுது. மனிதன் தன் கணக்கையே வயதுக்குத் தகுந்தபடி மாற்றிப் போடுகிறான். முன்பு ஓடிக் கடந்த மேடையை இப்போது நின்று நிரப்புகிறான். எட்டாத ஸ்வரத்தைத் தொடாமல் அதன் பக்கத்தில் ஒரு மௌனம் வைக்கிறான். இந்த மாற்றங்களை உண்டாக்குவது கவனம். கவனமே முதிர்ந்து ஒரு உணர்ச்சியாகிவிடுகிறது. இதைத் தீதரோ மறுத்திருப்பாரா என்பது எனக்கு நிச்சயமில்லை.

நான் பிழைப்பது வங்கியில். அங்கே மாதிரிக் கையெழுத்து என்று ஒன்று உண்டு. கணக்குத் தொடங்கிய அன்று திடமான கையால் போட்டது. முப்பது வருஷம் கழித்து, நடுங்கும் கையால் காசோலையில் போட்டது அதோடு ஒத்துப்போகாது. கையெழுத்து வேறுபடுகிறது என்று எழுதித் திருப்பிவிட விதி இடம் கொடுக்கிறது. ஆனால் ஆள் கவுண்டருக்கு முன்னால் நிற்கிறார். 'நீங்கள் நீங்களாக இல்லை' என்று அவரிடம் சொல்ல முடியாது. புதிதாக ஒரு மாதிரிக் கையெழுத்து வாங்குவார்கள். பழையது பதிவில் இருக்கும், அதை யாரும் பொய் என்பதில்லை. செல்லுபடியாவது மட்டும் புதியது. வங்கிக்கு இருக்கிற இந்தச் சின்ன நியாய உணர்வு ரசிகர்களுக்கு இருப்பதில்லை. இருபத்தைந்து வயதுக் கையெழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறுபத்தைந்து வயதுக்காரனைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆகவே என் பதில்: ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் 2013-ஐப் பாருங்கள். 1986 வெகுவாகக் கவரக்கூடியது. வீழ்ந்தவன் மீண்ட கதை அதில் தானாகவே ஓடுகிறது; ஆனால் அந்தக் கதை நாம் வெளியிலிருந்து கொண்டுபோய்ச் சேர்ப்பது. 2013-இல் நடப்பதைப் பாருங்கள். வழக்கம்போலத் தலை துண்டிக்கப்படுகிறது. அதற்குப்பின் மனிதர் ஒரு இடுகாட்டில் விழித்துக்கொள்கிறார்; செத்துப்போன தன் காலத்துச் சகாக்களின் பாட்டுகளை ஒவ்வொன்றாகப் பாடுகிறார். ஜிம் மாரிஸன், ஜான் லெனன், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், கீத் மூன். இவர்களில் இருவர் 27 வயதில் போனவர்கள், நம் கிட்டப்பாவைப்போல. பொய்யாகச் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிற ஒருவன், நிஜமாகவே செத்தவர்களுக்காகக் குரல் கொடுக்கிறான். பிறகு, பதினெட்டு வயதாகிவிட்ட குழப்பத்தைச் சொல்லும், 1970-இல் வந்த தன் பழைய பாட்டை, 65 வயதில் பாடுகிறான். சுந்தராம்பாள் மூப்பை நடித்தார், இவர் இளமையை நடிக்கிறார். வேஷம் இப்போதுதான் முழு வேஷமாகிறது. ஏனெனில் உடம்பின் ஒத்தாசை இல்லை. 1975-ஐ இந்தப் பதிவிலிருந்து ஓரளவு ஊகித்துவிடலாம். 1975-இலிருந்து இதை ஊகிக்கவே முடியாது.

இதில் வியாபாரம் கலக்கவில்லையா? கலந்திருக்கிறது. பழைய ஞாபகங்களை விற்பதற்கு உலகம் முழுக்கச் சந்தை இருக்கிறது, முதுமையும் அதில் ஒரு சரக்கு. 'கடைசித் தரிசனம்' என்று பக்தியோடு பார்ப்பதும் ஏமாற்றுத்தான். அது கலைஞனைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவன் சாவை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது. முதுமை தன்னளவில் தகுதியாகாது. வயதானதால் மட்டும் கொண்டாடப்படும் கலைஞர்கள் நம்மிடையே போதுமான அளவு இருக்கிறார்கள், எழுத்தாளர்களையும் சேர்த்து. நான் கேட்பது, ஒருவன் தன் பழைய வேஷத்தைத் தன் இன்றைய உடம்போடு எப்படிப் பேசித் தீர்த்துக்கொள்கிறான் என்பதை. அந்தப் பேச்சு நடக்காத முதுமைப் பதிவை நிராகரிக்க எனக்குத் தயக்கமில்லை.

இது அமெரிக்கரைப் பற்றிய விவகாரமாக முடிந்துவிடக் கூடாது. இந்தப் பக்கத்து அம்மன் கோயில் பொங்கலில் நாடகம் வைத்தால் வீடியோ எடுக்கிறார்கள். முன்பு தட்டாக விற்றது, இப்போது செல்போனில் ஓடுகிறது. முழு இரவும் ஓடுவதில்லை. ஆரம்பத்தில் பபூனும் நடனம் ஆடும் பெண்ணும் இரட்டை அர்த்தத்தில் மோதிக்கொள்ளும் பத்து நிமிஷத்தைத்தான் வெட்டி எடுக்கிறார்கள். ஊருக்கு நடுவே, கமிட்டிக்காரர்கள் முன்னால், பாயில் உட்கார்ந்த கிழவிகளும் சேர்ந்து சிரிக்க, ஒரு எல்லைக்குள் நடந்த கேலி அது. வெட்டியெடுத்த துண்டில் அந்த எல்லை இல்லை. சுவாமிகள் காத்த கோட்டை இங்கே நடிகை மீறவில்லை. வெட்டுகிறவனும் தேர்கிறவனும் மீறுகிறார்கள். அந்தப் பெண் பத்து வருஷம் கழித்து நல்லதங்காளாகவும் சாவித்திரியாகவும் கூட்டத்தை அழ வைப்பாள். யார் தேடினாலும் கிடைப்பது அவளுடைய இருபத்திரண்டாவது வயதின் பத்து நிமிஷம். சொந்தப் பிள்ளைகள் பார்ப்பதும் அதுதான். கிட்டப்பாவுக்கு நேர்ந்த உறைதல் புகழாக அமைந்தது. இவளுக்கு அது தண்டனை. கூப்பரைப்போல எழுந்து வந்து மிச்சத்தைப் பாட அவளுக்கு யாரும் இடம் தருவதில்லை.

பார்க்கிறவர்களாகிய நம்மால் ஆவது கொஞ்சம்தான். துண்டை ஒதுக்கிவிட்டு முழு இரவைக் கேட்கலாம். அதிலும் கடைசிப் பகுதியை, மணி நாலரைக்குமேல் வருவதைக் கேட்கலாம். பாதிக் கூட்டம் தூங்கிப்போயிருக்கும், குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு சிலர் கிளம்பியிருப்பார்கள், ஹார்மோனியக்காரர் டீ குடித்துவிட்டுத் திரும்பியிருப்பார். ஸ்திரீபார்ட்டின் தொண்டை கம்மியிருக்கும். அந்தக் கம்மிய குரலை வைத்துக்கொண்டு, விழித்திருக்கிற இருபது பேருக்காக, ஒரு வரியையும் விட்டுவிடாமல் அவள் வள்ளியின் கல்யாணத்தை முடித்துவைக்கிறாள்.